பூசை வைனுக்காக அடித்துக்கொண்ட சனிக்கிழமை

1931ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். விடியற்காலை தொடங்கிய தூறல் இன்னும் விடவில்லை. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வீதியிலிருந்த வைன் கடையின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு முதற்கல் உள்ளே வந்து விழுந்தது. நான் கடைக்குள் நின்றேன். என் கையில் ஒரு போத்தல் வைன் இருந்தது. கிளாக்கர் வேலை பார்க்கும், குடிக்காத நான் அதை ஏன் வாங்கப் போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி அந்த வருடம் ஓகஸ்ட் மாதம் நெருப்புக் காய்ச்சலில் இறந்தாள். இறந்தவர் ஆன்மா பாவக்கடன் தீர்க்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் அவள் நெடுநாள் தவிக்கக் கூடாதென்று, ஒரு நாளும் விடாமல் முப்பது நாள் முப்பது பூசை ஒப்புக்கொடுக்கச் செய்தேன். பூசை ஒன்றுக்கு ஒன்றரை ரூபா. பூசை வைக்கும் சுவாமிமேல் நம்பிக்கை இல்லாமலில்லை. ஆனாலும் முப்பது நாளும் நானே போய் நின்று எண்ணினேன்.

எங்கள் கோவிலுக்குப் பூசை வைன் கொடுத்துவந்தவர் இந்தக் கடைக்காரர்தான். யாழ்ப்பாணத்தவர், கோவில் மூப்பர்களில் ஒருவர். ஒக்டோபரில், இன்னொரு வைன் வியாபாரி கத்தோலிக்க வாரப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். கண்டியில் பூசைக்கு விற்கப்படுவது வைனே அல்ல, உலர்ந்த திராட்சையை ஊறப்போட்டுச் சீனியும் சாராயமும் கலந்த கஷாயம் என்றார். கடைக்காரர் மறுப்பு எழுதினார். கப்பற் பயணத்தில் புளிக்காதிருக்க, திராட்சையில் வடித்த சாராயம் கொஞ்சம் சேர்ப்பதை ரோமாபுரியே அனுமதித்திருக்கிறது என்றார். மற்றவர், அது திராட்சைச் சாராயம் அல்ல, தென்னஞ்சாராயம் என்றார். நான்கு வாரத்தில் நான்கு கடிதம். போதும் நிறுத்துங்கள் என்று பத்திரிகைக்காரர் ஒரு வரிகூட எழுதவில்லை. அதே பக்கத்தின் அடியில் இருவருடைய விளம்பரங்களும் அருகருகே வந்தன.

திராட்சை வைன் இல்லையென்றால் பூசை பூசையில்லை. ஞானோபதேசத்தில் படித்த பாடம். அப்படியானால் என் மனைவிக்குக் கிடைத்தது முப்பது அல்ல, சைபர்.

இத்தாலியரான எங்கள் சுவாமியிடம் போய்க் கேட்டேன். "பிள்ளை, கடவுள் போத்தல் பார்க்க மாட்டார். மனம் பார்ப்பார்," என்றார். போத்தலைப் பார்க்காத கடவுள் வைனைப் பற்றி எதற்கு இத்தனை சட்டம் வைத்தார்? கேட்க வாயெடுத்து, கேட்காமல் வந்துவிட்டேன். அன்றிரவு தூக்கமில்லை, அதற்கடுத்த பத்து இரவுகளும் அப்படித்தான்.

கொழும்பிலிருந்த அரசாங்க இரசாயனப் பரிசோதகருக்கு எழுதினேன். மூடி திறக்காத போத்தல் ஒன்று அனுப்பினால் சோதித்துச் சொல்வதாகப் பதில் வந்தது. கோவிலில் இருந்தவை எல்லாம் வெறும் போத்தல்கள். அந்தப் பூசைகளுக்குப் போன பெட்டியில் மிஞ்சிய ஒரேயொரு போத்தல் கடைக்காரரிடம் இருந்தது. மூன்று தடவை தரமாட்டேன் என்றார். நான்காம் தடவை, அந்தச் சனிக்கிழமை, மனமிரங்கினார்.

"கொண்டு போம். சோதிச்சுப் பாரும். முடிவு எதுவெண்டாலும் அதே பத்திரிகையில போடோணும். ஓமோ?"

"போடுறேன்."

அப்போதுதான் கல் வந்தது.

ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டமொன்றின் கங்காணி பஸ்ஸில் ஆட்களோடு வந்திருந்தார். பதினொரு பேர். ஏழு பேரிடம் தடி. நான்கு பேரிடம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. கங்காணியும் எங்கள் கோவிலைச் சேர்ந்தவர்தான். இறந்த தகப்பனுக்காக அவரும் பூசை வைத்திருந்தார்.

"மூப்பரே, வெளிய வாங்க! எங்கப்பனுக்குக் கசாயத்துலயா பூச வச்சீங்க? பசுவ வித்துல்ல காசு குடுத்தேன்!"

"சுத்த வைன் கங்காணி, மாதாவாண—"

"மாதாவ இழுக்காத!"

கங்காணி தராசுப் படிக்கல்லை எடுத்துக் கடைக்காரரின் வாயில் அடித்தார். இரண்டு பற்கள் மேசைமேல் விழுந்தன. அவரை மயிரில் பிடித்து இழுத்துக் கீழே போட்டு நால்வர் மிதித்தார்கள். அலுமாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. வைனும் பிரண்டியும் வாசற்படியால் வழிந்து வீதிக்கு ஓடின. ஒருவன் அலுமாரிக் கண்ணாடிக்குள் முட்டியால் குத்தி, மணிக்கட்டைக் கிழித்துக்கொண்டு, அந்த இரத்தக் கையாலேயே கடைக்காரரின் காதில் அறைந்தான். என்னைக் கண்ட கங்காணி சிரித்தார்.

"கிளாக்கர் ஐயாவும் இங்கதானா? வித்த காசுல பங்கு வாங்க வந்தீங்களோ?"

போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மேசைக்கடியில் ஊர்ந்துகொண்டிருந்த கடைக்காரர் இரத்தம் ஒழுகும் வாயால் கத்தினார். "கிளாக்கர், போத்தலோட ஓடும்! ஓடும்!"

பின்வாசலால் ஓடினேன். முப்பது யார் தூரங்கூடப் போயிருக்க மாட்டேன்; வடிகால் கானோரத்தில் சறுக்கி விழுந்தேன். எழுவதற்குள் கங்காணியின் தம்பி கத்தியோடு முன்னால் நின்றான்.

"அதக் குடுங்க ஐயா."

"டேய், மிச்சம் இது ஒண்ணுதான். ஒங்க அப்பாவுக்கும் இதுதான்டா சாட்சி!"

"சாட்சியக் குடுங்க. ஒடச்சுக் காட்டுறேன்."

கத்தியை ஓங்கினான். இடது கையால் மறித்தேன். முழங்கைக்குக் கீழே எலும்புவரை வெட்டு விழுந்தது. அடுத்த வெட்டு கழுத்துக்கு வந்தது. வலது கையில் இருந்ததைக் கொண்டு அவன் நெற்றியில் என்னால் இயன்ற மட்டும் அடித்தேன். அவன் கானுக்குள் விழுந்தான். என் கையில் போத்தலின் கழுத்து மட்டும் இருந்தது. மூடி திறக்கவில்லை, அரக்கு முத்திரைகூடக் கலையவில்லை.

வைன் அவன் முகமெல்லாம் வழிந்தது. நான் கானுக்குள் இறங்கி, அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி உலுக்கினேன்.

"வாயில பட்டுச்சா? சொல்லு! சாராயமா? திராட்சையா?"

அவன் நாக்கால் உதட்டைத் தடவினான். "ரத்தந்தாங்க ஐயா," என்றான். "ரத்தந்தான் வாயில."

மறுபடியும் கேட்டேன். அறைந்தும் கேட்டேன். மயங்கிவிட்டான். பொலிஸ்காரர் என்னை அவனிடமிருந்து பிரித்தெடுத்ததாகப் பின்னர் கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள்.

கங்காணிக்கு ஆறு மாதச் சிறை. கடைக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போனார்; போகுமுன் அந்தப் போத்தலின் விலையைக் கேட்டு ஆள் அனுப்பினார். கொடுத்தேன். பத்திரிகை ஐந்தாவது கடிதம் எதையும் போடவில்லை. கோவிலுக்கு வைன் கொடுப்பது, குற்றஞ்சாட்டிய வியாபாரியின் கைக்குப் போயிற்று. அவருடைய வைன் சுத்தமென்று மட்டும் யார் சோதித்தார்கள்?

ஆகவே கொழும்புக்குப் போய் வேறொரு கடையில் இரண்டு போத்தல் நானே வாங்கி வந்தேன். சுவாமி பெருமூச்சு விட்டார், மறுக்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு இன்னொரு முப்பது காலை, அவர் கிண்ணத்தில் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முந்திய முப்பதும் செல்லுமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடித்ததற்கு அபராதம் ஐம்பது ரூபா. கங்காணியின் தம்பிக்கு நட்டஈடு இருபது. எனக்காக வழக்குப் பேசிய புரொக்டருக்கு இருபத்தைந்து. உடைந்த போத்தல் மூன்று ரூபா இருபத்தைந்து சதம். புதுப் போத்தல் இரண்டும், ரயில் கட்டணத்தோடு, பத்து ரூபா ஐம்பது சதம். இரண்டாம் முப்பது பூசைக்கு நாற்பத்தைந்து. மொத்தம் நூற்று ஐம்பத்து மூன்று ரூபா எழுபத்தைந்து சதம்.