ஆயிரத்து ஒன்றாவது கோரிக்கை

யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் "லாக் இருக்கா?" என்று கேட்டு வாயை அடைக்கிற ஆள் நான். லாக் என்றால் கம்ப்யூட்டர் தான் செய்த ஒவ்வொன்றையும் தானே குறித்து வைப்பது, அதில் இல்லாதது நடக்கவே இல்லை என்பதுதான் என் கட்சி. இப்போது சொல்லப்போவதற்கு லாக் இருக்கிறது, அதுதான் என் கஷ்டமே. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

தி.நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு வேலை. விற்கிற ஒவ்வொரு புடவைக்கும் அசல் பட்டு என்ற சான்றிதழை பிளாக்செயினில் பதிய வேண்டும், பதிந்தால் பிறகு யாரும் திருத்த முடியாது. ஆனால் அது நிதானமாகத்தான் பதியும், தீபாவளிக் கூட்டம் அதுவரை பொறுக்குமா? அதனால் சான்றிதழ் கேட்டு வருகிற கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக உள்ளே விடுகிற சர்வர் ஒன்றை நானும் ஃபிரோஸும் சேர்ந்து செய்தோம். ஃபிரோஸ் ராயப்பேட்டைக்காரன், காலேஜிலிருந்து கூட்டாளி. சோதனைக்கு அனுப்பும் கோரிக்கையில் குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. நான் "டெஸ்ட்" என்று போடுவேன், அவன் "மச்சி, சாப்ட்டியா?" என்று போடுவான். ஒவ்வொன்றும் அனுப்புகிறவரின் ரகசியச் சாவியால் கையெழுத்தாகித்தான் வரும், அவனுடைய சாவி அவன் லேப்டாப்பைத் தவிர வேறு எங்கும் இல்லை. அடையாற்றில் பஸ் மோதி அவன் போனபோது முதுகுப்பையில் இருந்த அந்த லேப்டாப்பும் தூளாகிவிட்டது.

அவன் போய் ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், ஜன்னலுக்கு வெளியே ஒரே கூட்டம், ஒரே ஹாரன். கடை முதலாளி சாயங்காலம் பார்க்க வருகிறார் என்று நான் மட்டும் ஆபீசில் உட்கார்ந்து சர்வரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஃபிரோஸின் தங்கை நஸ்ரீன் அவன் மேசையில் இருந்த சாமான்களை எடுத்துப்போக வந்தாள். அண்ணனை அவள் பாய் என்றும் அம்மாவை அம்மி என்றும்தான் சொல்வாள். டிபன் பாக்ஸையும் ஸ்வெட்டரையும் பையில் வைத்துவிட்டுத் தயங்கி நின்றாள்.

"அண்ணா, கம்ப்யூட்டர்ல பாய் எதுனா எழுதி வச்சிருக்குமா? இன்னா இருந்தாலும் பரவால்லண்ணா. அம்மி தினம் கேட்டுக்கினே கீறாங்க."

"வெளிய உக்காரும்மா, பாத்துச் சொல்றேன்," என்றேன்.

திரும்பித் திரையைப் பார்த்தேன். நான் அனுப்பியது ஆயிரம் கோரிக்கை, வரிசையில் நின்றது ஆயிரத்து ஒன்று. கடைசியில் நின்றதைப் பார்த்தேன். ஃபிரோஸின் சாவி, கையெழுத்து சரி, வந்த நேரம் அந்த நிமிஷம். குறிப்பு ஒன்று இருக்கிறது என்ற அடையாளமும் பக்கத்தில் 'திற' என்ற பொத்தானும் தெரிந்தன.

பழைய கோரிக்கை எங்கேயோ சிக்கியிருந்து இப்போது வந்திருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அழித்தேன். திரும்பவும் கடைசியில் வந்து நின்றது. நெட் வயரைப் பிடுங்கிவிட்டு அழித்தேன். டோக்கன் வாங்கிய ஆள் மாதிரி, அவசரமே இல்லாமல் திரும்ப வந்து நின்றது.

திறந்திருக்கலாம், ஒரு பொத்தான்தானே. அதற்காகவே அவன் தங்கை கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், கூப்பிட்டால் ஓடி வந்திருப்பாள். எனக்கு பயம், என்ன எழுதியிருக்குமோ என்ற பயம். முதலாளி கிளம்பிவிட்டார் என்று போன் வேறு வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, அந்தச் சாவியிலிருந்து வருவது எதுவும் திரையில் தெரியக் கூடாது என்று புரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். எண்ணிக்கை ஆயிரம் ஆனது. எழுந்து வெளியே போனேன்.

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா தேடிட்டேன்."

"செரிண்ணா," என்றாள். பையிலிருந்து அவன் காபி குடிக்கிற கப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இத நீங்க வச்சிக்கோங்க. பாய்க்கு உங்களத்தான ரொம்பப் புடிக்கும்."

அந்தக் கப்பை வாங்கிக்கொண்டேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

முதலாளிக்கு எல்லாம் பிடித்துப்போய், சர்வர் கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் மெஷினையே மாற்றிவிட்டோம். யாரும் இல்லாதபோது அந்த வரியை எடுத்துவிட்டுப் பார்ப்பேன். அவனுடையது ஒன்று நிற்கும். திரும்ப மறைத்துவிடுவேன்.

போன ரம்ஜானுக்கு நஸ்ரீன் பிரியாணி கொடுத்தனுப்பினாள். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவள் அம்மா வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பேட்டா, எதுனா கெடச்சுதா?"

"இல்லம்மா," என்றேன்.

அங்கிருந்து நேரே ஆபீஸ் போய் அந்த வரியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டு நின்றன. இரண்டாவது வந்த நேரம், நான் அவர்களிடம் இல்லை என்று சொன்ன நேரம். இரண்டிலும் குறிப்பு இருக்கிறது. இன்னும் நான் திறக்கவில்லை.