எனக்கு வண்டி தேர்ந்தெடுத்த அண்ணன்

போன வருஷம் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்பு, மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு மோட்டார் சைக்கிள் கடை வாசலில் நடந்தது இது. வெள்ளிக்கிழமை காலை. இப்போது எழுத உட்கார்ந்தாலும் காது மடல் சூடாகிறது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். ஆறுகிற வழியாகத் தெரியவில்லை. அதனால் இருக்கிறபடியே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாற்பது நெருங்குகிறது. சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. பள்ளி முடித்த காலத்திலிருந்து கப்சாய் ஓட்டுகிறேன். இங்கே வீட்டுக்கு வீடு நிற்குமே, அந்தச் சின்ன மோட்டார் சைக்கிள். மழையோ வெயிலோ, அதில்தான் தினமும் கடல் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய் வருவேன். உயரம் என்று பார்த்தால் ஐந்தடியைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறவள். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் நடந்த கூத்துக்கு இதுதான் மூலகாரணம் என்பதால் சொல்கிறேன்.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. எல்லை தாண்டி தாய்லாந்துக்குள் போய், சொங்க்லா கடற்கரை வரைக்கும் நானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். யாருடைய கூட்டத்திலும் ஒட்டிக்கொண்டு அல்லாமல், தனியாக. அதற்குக் கப்சாய் தாங்காது. நானூறு, ஐந்நூறு சிசியில் அட்வென்சர் பைக் என்று விற்கிறார்களே, நெடுஞ்சாலைக்கும் மண் பாதைக்கும் சேர்த்துச் செய்தது, அப்படி ஒன்று வேண்டும். பெரிய பைக் லைசென்ஸை முதல் தடவையிலேயே வாங்கினேன். என் அண்ணன் இரண்டாவது தடவையில்தான் வாங்கினார். இதை யாரும் வீட்டில் பேசுவதில்லை, ஆகவே இங்கே பதிவு செய்து வைக்கிறேன்.

பார்த்துப் பார்த்துக் கடைசியில் இரண்டு வண்டிகளில் வந்து நின்றேன். முதலாவது பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருக்கும். கம்பி போட்ட பெரிய முன்சக்கரம், நீண்ட மூக்கு, எடுப்பான சிவப்பு. சீட்டும் அதே எடுப்பில் உயரமாக இருந்தது. இரண்டாவது சாதுவான வண்டி. சாம்பல் நிறம், சற்றுக் கனம் அதிகம், போட்டோவில் பார்த்தால் யாருக்கும் ஆசை வராது. ஆனால் சீட்டு தாழ்வு. ஏறி உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிந்தன. முதலாவதில் உட்கார்ந்தால் கட்டைவிரல் நுனி மட்டும்தான் தரையைத் தேடிப் பிடிக்கும், அதுவும் ஒரு பக்கம் சாய்ந்தால்.

மனசு முதலாவதின் பக்கம் போனது உண்மை. ஆனால் என் பாலம் எனக்குத் தெரியும். ஷிப்ட் விடுகிற நேரத்தில் நடுப் பாலத்தில் எல்லாம் அப்படியே நின்றுவிடும். பக்கத்தில் லாரி உறுமிக்கொண்டு நிற்கும். கடலிலிருந்து ஒரு காற்று வந்து ஆளை வண்டியோடு தள்ளும். அந்த நொடியில் கால் தரையில் ஊன்றவில்லை என்றால் லாரியின் பக்கம்தான் சாய வேண்டும். அதனால் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, முதுகில் பையும் போட்டுக்கொண்டு, கடைக்குப் போய்ப் போய் இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தேன். என்னைக் கண்டாலே கடையில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, இரண்டாவது வண்டிக்குப் பதிவு செய்தேன்.

இப்போது அண்ணன். அக்கரையில் பாகான் டாலாமில் அண்ணியோடு இருக்கிறார். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த முதல் வகை வண்டியைத்தான் அவரும் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு கான்வாய் போகிறவர்; பத்துப் பேர் வரிசையாகப் போய் எங்கேயாவது ரொட்டி சானாய் சாப்பிட்டுத் திரும்பி வருவதற்குப் பெயர் அட்வென்சர். நான் பதிவு செய்ததைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"அது டெலிவரி பைக் மாதிரி இருக்கு, பாப்பா. அதுல நீ கான்வாய்க்கு வந்தா எனக்குத்தான் மாலு லா."

மாலு என்றால் வெட்கம். கான்வாய்க்கு வருகிறேன் என்று நான் எப்போது சொன்னேன்? இந்த வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிடுவதையும் பொறுத்துக்கொண்டு, சரி அண்ணே என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரே ஒரு தடவை அவர் என்னோடு கடைக்கு வந்திருந்தார். அன்றைக்கு விற்பனையாளர் என்னோடு பேசவே இல்லை. பெட்ரோல் டாங்க் எவ்வளவு கொள்ளும் என்று நான் கேட்டால் அண்ணனின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். சர்வீஸ் எப்போது என்று நான் கேட்டால் அதற்கும் அண்ணனைப் பார்த்துத்தான் பதில். நான் ஏதோ பக்கத்து வீட்டிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவள் போல நின்றேன். அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையில் உற்பத்திக் கூடத்துக்குள் போன் கொண்டு போக முடியாது. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பினாங்கில் பாதிப் பேருக்கு இப்படித்தான். அதனால் எங்களைப் போன்றவர்கள் எங்கே போனாலும் வீட்டு ஆள் ஒருவரின் நம்பரையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது வழக்கம். நானும் அண்ணன் நம்பரைக் கொடுத்திருந்தேன். வண்டி வந்துவிட்டது என்று செய்தி சொல்லத்தான் அந்த நம்பர்.

வண்டி வந்துவிட்டதாக அண்ணனே சொன்னார். அம்மா உடனே வெள்ளிக்கிழமையைக் குறித்தார். நம்பர் பிளேட் பிறகுதான் ஏறும், அன்றைக்கு வண்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் வேலை. ஆனாலும் நாள் நன்றாக இருக்கிறது, பூசையைப் போட்டுவிடுவோம் என்றார். பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். லீவு போட்டேன். எலுமிச்சம் பழம், மாலை, சூடம், தேங்காய் என்று அம்மா ஒரு கூடை நிறைய எடுத்துக்கொண்டார். அண்ணனும் அண்ணியும் பாலம் தாண்டி வந்து சேர்ந்துகொண்டார்கள்.

கடை முன் நடைபாதையில் துணி போட்டு மூடி வண்டி நின்றது. அந்தத் துணிக்குள் இருந்த உயரம் என் வண்டியின் உயரமாகத் தெரியவில்லை. அண்ணன் கல்யாண மண்டபத்தில் திரை விலக்குகிறவர் மாதிரி சிரித்துக்கொண்டே துணியை இழுத்தார்.

சிவப்பு. நீண்ட மூக்கு. முதலாவது வண்டி.

நான் கிட்டப் போய்ச் சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். அதற்குள் அண்ணி மாலையை மாட்டிவிட்டார். நான் விற்பனையாளரைப் பார்த்து, இது என் வண்டி இல்லையே என்றேன். அவர் அப்போதும் அண்ணனைத்தான் பார்த்தார்.

"நீங்க எடுத்த மாடல் ஸ்டாக் இல்லக்கா, மாசக் கணக்குல துங்கு பண்ணணும். போன் அடிச்சேன், நீங்க எடுக்கல. அண்ணனுக்கு அடிச்சேன். அவரு இதையே குடுங்கன்னுட்டாரு லா."

துங்கு பண்ணுவது என்றால் காத்திருப்பது. காத்திருக்க எனக்கு என்ன கஷ்டம்? இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு இன்னும் கொஞ்ச மாதம் பெரிய விஷயமா? ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். சாயங்காலம் ஆனால் லாக்கரிலிருந்து போன் என் கைக்கு வந்துவிடும் என்பது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும்.

"உன் நல்லதுக்குத்தான், பாப்பா. விக்கப் போனாலும் இதுக்குத்தான் மவுசு. உக்காந்து பாரு, பழகிடும்."

என் வண்டியை நான் ஓட்டுவதற்கு முன்பே விற்பதைப் பற்றிக் கவலைப்படுகிறார் மனுஷன். வேண்டாம் என்றேன். சத்தமாகவே சொன்னேன். உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த சீன முதலாளி கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்த்தார். அண்ணி என் கையைப் பிடித்து, கடையில வச்சு மானத்த வாங்காத என்று காதில் சொன்னார். அம்மாவுக்கோ கவலை வேறு. சூடம் ஏற்றியாகிவிட்டது. சூடம் காட்டிய வண்டியை வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகுமோ என்று அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

"பூசைய மட்டும் முடிச்சுக்கலாம்மா. பத்தரை ஆகப் போவுது" என்றார்.

அந்த முகத்துக்காக ஏறினேன். இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம் பழம் வைத்தார்கள். வண்டியைக் கிளப்பி மெதுவாக நகர்த்தினேன். பழங்கள் நசுங்கின. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நடைபாதை சாலைப் பக்கம் கொஞ்சம் சரிவு. அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு கார் வந்தது. பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினேன்.

ஊன்றினேன் என்று எழுதுகிறேனே தவிர, அங்கே தரை இல்லை. என் காலுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளியை இன்றைக்கும் என்னால் உணர முடிகிறது. வண்டி சாய்ந்தது. அண்ணன் ஒரு பக்கமும் விற்பனையாளர் இன்னொரு பக்கமும் பாய்ந்து பிடித்ததால் வண்டி என் காலின்மேல் விழவில்லை. கார்க்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே போனார். ஆனாலும் கணுக்கால் பெடலில் இடித்து வீங்கிவிட்டது.

"திருஷ்டி கழிஞ்சிருச்சு, நல்லதுதான்" என்றார் அண்ணி.

திருஷ்டியாம்! சீட்டு உயரம் என்று ஒரு மனித வாய் சொல்ல மாட்டேன் என்கிறது. அண்ணன் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, பெருமையாகச் சிரித்தபடி, "பாத்தியா, நான் இருக்கேன்ல" என்றார்.

அவ்வளவுதான். அதுவரைக்கும் கத்த வேண்டும், அழ வேண்டும் என்றெல்லாம் இருந்தது. அந்த வார்த்தையைக் கேட்டதும் எல்லாம் நின்றுபோய், தலைக்குள் பளிச்சென்று ஒன்று தோன்றியது. வண்டியிலிருந்து நான் இறங்கவில்லை.

"சரிண்ணே, இதையே எடுத்துக்கிறேன். நீங்க பின்னாடி ஏறுங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நம்பர் ஏறாத வண்டி, ரோட்டுக்குப் போக வேண்டாம். கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒரே ஒரு சுற்று, நான் ஓட்டுகிறேன், நீங்கள் பின்னால் உட்கார்ந்து வாருங்கள் என்று விளக்கமாகச் சொன்னேன்.

அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவர் சிரிப்பும் நின்றது. சந்தில் தண்ணீர் கிடக்கும் என்றார். ஹெல்மெட் கொண்டு வரவில்லை என்றார். சுவரில் வரிசையாகத் தொங்கிய ஹெல்மெட்டுகளைக் காட்டினேன். இடுப்பு வலி என்றார். ஞாயிறு தவறாமல் கான்வாய் போகிற இடுப்பு அது.

விற்பனையாளரிடம் திரும்பி, "தம்பி, நீங்க ஏறுறீங்களா?" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அதில் எதையோ அவசரமாகத் தேட ஆரம்பித்துவிட்டார். அண்ணி மாலையைச் சரி செய்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அம்மா மட்டும் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். என் வாழ்நாளில் அவர் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"அப்ப அவ மட்டும் ஏறணுமாடா?" என்றார்.

அம்மா வண்டியிலிருந்து மாலையைக் கழற்றிக் கூடைக்குள் போட்டார். என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். நான் நேராக முதலாளியிடம் நொண்டிக்கொண்டே போய், என் வண்டி வரும்வரை காத்திருக்கிறேன், இனி என்னைத் தவிர வேறு யாருக்கும் போன் அடிக்கக் கூடாது என்று மலாயில் சொன்னேன். அவர் விற்பனையாளரைப் பார்த்த பார்வையில் எனக்குக் கொஞ்சம் வயிறு குளிர்ந்தது என்பதையும் மறைக்கவில்லை.

சாம்பல் நிற வண்டி மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் சொந்தக்காரர்கள் நடுவில் கதை வேறு மாதிரி பரவிவிட்டது. சீனன் கடையில் வைத்து அண்ணனை அவமானப்படுத்திவிட்டேனாம். நல்லது செய்யப் போனவருக்கு இதுதான் கிடைத்ததாம். பினாங்கு முழுக்க இந்தக் கதை சுற்றியது. அதில் என் கணுக்கால் மட்டும் எங்கேயும் வரவில்லை. அண்ணன் இப்போது பேசுகிறார், வீட்டுக்கு வருகிறார், சாப்பிடுகிறார். தப்பு என்று ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவருக்கு என்மேல் பாசம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாசம் இருந்தது, அக்கறையும் இருந்தது. ஆனால் தினமும் பாலத்தின் நடுவில் நான் எதில் நிற்க வேண்டும் என்று போனில் ஒரு நிமிஷத்தில் முடிவு செய்தவருக்கு, அதே வண்டியில் என் பின்னால் ஒரு சந்தைச் சுற்றி வரத் தைரியம் வரவில்லை. எனக்குக் கோபம் அதில்தான். பாசத்தைக் காட்டி என் வாயை அடைத்தார்கள் பாருங்கள், அதில் இன்னும் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவை மார்க்கெட்டுக்கு என் வண்டியில்தான் கூட்டிப் போகிறேன். வாசல் படியில் நின்று, என் தோளைப் பிடித்து, முணுமுணுத்துக்கொண்டே ஏறுவார். ஏறியதிலிருந்து மெதுவா போ, லாரி வருது, அங்க திரும்பாத என்று ஓயாமல் உத்தரவு போடுவார். எனக்கு யார் புத்தி சொன்னாலும் இப்போது சுள்ளென்று வருகிறது. அம்மா சொன்னால் மட்டும் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன், ஏனென்றால் அவர் என் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்.