லிஃப்ட் காலியாகும் நேரம்

ரூபினிக்கு ஒரு வேலையைத் தொடங்கிவிட்டால் முடிந்த மாதிரிதான். அரிசியை அடுப்பில் ஏற்றியதுமே வீட்டுக்காரரைச் சாப்பிடக் கூப்பிடுவாள். குளுவாங்கில் பிறந்தவள். பல வருடம் விடியுமுன் பஸ் ஏறி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாள். நாட்டு எல்லையிலுள்ள பாலத்து நெரிசலில் நின்று நின்று கால் வீங்கியபின் அதை விட்டாள். இப்போது செனாயில் ஒரு கிடங்கில் ஒப்பந்த வேலை. இன்றைய ஒத்திகை சரியாக நடந்தால் நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி பாலம்.

கிடங்கில் சரக்கைச் சுமப்பவை ஆளில்லா வண்டிகள். எது எப்போது எங்கே போவது என்று திட்டம் போடுவது கணினி. அதற்குக் கிடங்கை விளக்கி எழுதுவது ரூபினி. அதற்கென ஒரு மொழி உண்டு. அதன் அடிப்படை வடிவத்துக்கு எது முன், எது பின் என்பது மட்டுமே தெரியும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம், பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் பகுதிகள். சேர்த்தால் கணினி திணறும். அவள் சேர்த்திருந்தாள்.

மேலாளர் கமலநாதன் வந்து நின்றார். மேல்தளத்துப் பெட்டிகளை வண்டிகள் இறக்கி, வாசலில் நிற்கும் லாரியில் ஏற்ற வேண்டும். முதல் வண்டி லிஃப்ட்டில் ஏறியது. முழுதாக ஏறுவதற்குள் இரண்டாவது அதன் முதுகில் முட்டியது. இரண்டும் அலறின.

"அலமாக்!" வண்டிகளைப் பழுதுபார்க்கும் நவ்சாத் ஓடினான். "அக்கா, உங்க வண்டிக்கும் உங்க அவசரம் வந்துருச்சு."

"பேசாம சுவிட்ச அமுக்குடா."

திரையை உருட்டினாள். வண்டியை மேல்தளத்தில் இறக்கிய பிறகுதான் லிஃப்ட் காலி. அவளோ வேலை தொடங்கும்போதே காலி என்று எழுதியிருந்தாள். அந்த வரியை முடிவுக்கு மாற்றி மறுபடி ஓட விட்டாள்.

கணினி யோசித்தது. அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள்.

"நேரத்த எடுத்துருங்க அக்கா. டக்குனு வந்துரும்."

"எடுத்தா ஒரு நேரத்துல ஒரு வண்டிதான் நகரும். லாரி சாயங்காலம் வரைக்கும் நிக்கும்."

"லாரி இப்பவே நின்னுகிட்டுத்தான் இருக்கு லா," என்றார் கமலநாதன்.

திட்டம் வந்தது. முதல் வண்டி மேலே போனது. இரண்டாவது தள்ளி நின்றது.

"அது ஏன் சும்மா நிக்குது?"

"காத்திருக்கு பாஸ்."

"அதுக்கும் சம்பளம் கேக்குமா?"

லிஃப்ட் இறங்கியது. இரண்டாவது வண்டி ஏறியது. கடைசிப் பெட்டியும் கீழே வந்து லாரிக்குள் போனது.

கமலநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இடிச்சத மேல சொல்லாம இருக்க முடியாது. கான்ட்ராக்ட நீட்டிக்கிறேன். நிரந்தரம் அப்புறம் பாப்போம்."

"அப்புறம்னா எப்ப?"

"பாப்போம் லா, ரூபினி."

"தேதி சொல்லுங்க பாஸ். அதுவரைக்கும் வண்டி எங்கயும் இடிக்கலன்னா நிரந்தரம். எழுதிக் குடுங்க."

கமலநாதன் சிரித்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார். ரூபினி அங்கே போய் நின்றுகொண்டாள். வழி விடவில்லை.

அவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.