இத்தாவில் படித்த கொம்பியூட்டர்

கணவர் மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தேன். வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். எங்கள் மாம்புரியில் இன்னொரு சட்டமும் உண்டு, எந்தக் கிதாபிலும் இல்லாத சட்டம். இத்தாவில் இருப்பவளைப் பார்க்க வரும் பெண்கள் முதலில் அவள் கையைத்தான் பார்ப்பார்கள். தஸ்பீஹ் மணி இருந்தால் நல்லவள். போன் இருந்தால் அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் கதை கட்டியாகிவிடும்.

என் கையில் இருந்தது டெப், விரலால் தொட்டு எழுதுகிறது. கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தபோது மகளின் படிப்புக்காக அவர் வாங்கி வந்தது. கடையில் இருந்ததிலேயே மலிவானது. அவர் வெங்காய லொறி ஓட்டியவர். அன்றைக்கு லொறியை விட்டு இறங்கும்போதே, "மகளுக்குக் கொம்பியூட்டர் வந்திருக்கு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார். பெருமை பொறுக்கவில்லை மனிசனுக்கு. இப்போது அதன் ஒரு மூலையில் கண்ணாடி வெடித்திருக்கிறது.

குருநாகலில் இருக்கும் என் நானா முதல் கிழமையே சொல்லிவிட்டார். "இத்தா முடிய வீட்டப் பூட்டிட்டு எங்களோட வந்திருங்க தங்கச்சி. பொம்புளயும் புள்ளயுமா தனிய எப்பிடி இருக்கிற?" பாசத்தில்தான் சொன்னார். ஆனால் மகள் ஓ.எல். பரீட்சை எடுக்கப்போகிற வருடம் அது. கணவர் கல்லுக் கல்லாகச் சேர்த்துக் கட்டிய வீடு இது. "எனக்கொரு வேல கிடைச்சா இங்கயே இருக்க விடுங்க நானா" என்று கெஞ்சினேன். "சரி, பாப்பம்" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் படிக்கத் தொடங்கினேன்.

மகள் காலையில் டெப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். பின்னேரம் வந்து சொல்லித்தருவாள். தமிழில் கடிதம் அடிக்கப் பழகினேன், அட்டவணை போடப் பழகினேன். ஒரு நாள் கணவரின் தங்கை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, படமா பாக்கிறீங்க?" என்றாள். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது.

"படமா? கண் இருந்தா வந்து பாருங்க! இது கொம்பியூட்டர். நான் கொம்பியூட்டர் படிக்கிறன்!"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லே மூடியாகக் கிடைத்தது. அடுத்த கிழமையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும், "மாஷா அல்லாஹ், இத்தாவிலயும் படிக்கிறா" என்றார்கள். அதிபருக்கு ஒரு கடிதம், கிராம சேவகர் ஜீ.எஸ்.சுக்கு ஒரு கடிதம் என்று அடித்துத்தரச் சொல்லிக் கேட்டார்கள். எனக்கும் தலைகால் தெரியவில்லை. "உம்மா, இது டெப் தானே?" என்று மகள் மெதுவாகக் கேட்டபோது, "இதில எழுதேலாதா, கணக்குப் போடேலாதா? வேற என்ன வேணும் கொம்பியூட்டருக்கு?" என்று அவள் வாயையும் அடைத்தேன். "அது ஓம் தான்" என்று சிரித்தாள்.

இத்தா முடிந்த கையோடு புத்தளம் டவுனில் ஒரு மருத்துவ நிலையத்தில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். நோயாளிகளைப் பதிகிற வேலை, கொம்பியூட்டர் தெரிந்திருக்க வேண்டும். போனேன். நிர்வாகி எங்கள் வாப்பாவின் வயதுக்காரர், மரியாதையானவர். பக்கத்தில் ஒரு இளம் பிள்ளை வேலை செய்துகொண்டிருந்தாள். தன் கதிரையை விட்டு எழும்பி என்னை இருக்கச் சொன்னாள்.

"ஒரு கடிதம் திறந்து ரெண்டு வரி அடிங்க பாப்பம்" என்றார் நிர்வாகி.

நான் பிஸ்மி சொல்லி, திரையில் விரலை வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினேன். திரை பின்னால் சாய்ந்தது. மூன்றாம் தரம் குத்திவிட்டு, அல்லாஹ்வே, என் வாய் சும்மா இருந்ததா? "இது வேல செய்யுதில்ல போல சேர்" என்றேன்.

அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு மவுஸை எடுத்து என் கைக்குள் வைத்தாள். மவுஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. அம்பு திரையில் எங்கெங்கோ ஓடியது. கீபோர்டைப் பார்த்தால் தமிழ் எழுத்து ஒன்றுமில்லை, முழுக்க இங்கிலீஷ். டெப்பில் அ என்று இருக்கும், அதைத் தொடுவேன். இங்கே எதைத் தொடுவது?

"எங்க ராத்தா படிச்சீங்க?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

"வீட்டில... டெப்ல."

நிர்வாகி சிரித்தேவிட்டார். "டெப் எண்டா பெரிய போன் தானே. அத ஆர் உங்களுக்குக் கொம்பியூட்டர் எண்டு சொன்ன?"

அங்கேதான் நான் செத்தேன். முகம் எரிந்தது, எப்படியாவது தப்பிக்க வேண்டும் போல் இருந்தது. "எங்கட அவர்தான் சேர். லொறி ஓடின ஆள், அவருக்கு என்ன தெரியும்? கொம்பியூட்டர் எண்டு சொல்லி வாங்கிட்டு வந்துட்டார்" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். ஓம், நானும் சிரித்தேன்.

வேலை கிடைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாலாவிச் சந்தியில் பஸ் நின்றபோது நானாவுக்கு அழைத்து, "வாறம்" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் மகளும் கணவரின் தங்கையும் வழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் தொடங்கிவிட்டாள். "உம்மா, இண்டைக்கு டீச்சர், வீட்டில கொம்பியூட்டர் இருக்கிற ஆக்கள் கைய உயர்த்தச் சொன்னா. நானும் உயர்த்தினன்!"

"ஏன் உயர்த்தினீங்க?" என்று கத்தினேன். "வெக்கமில்லயா? அது கொம்பியூட்டரா? பெரிய போன்! வேலயுமில்ல, ஒரு மண்ணுமில்ல. நாம குருநாகலுக்குப் போறம்."

மதினி என்று குத்திக் காட்ட வாய் திறக்கிற கணவரின் தங்கை தலையில் சால்வையை இழுத்துக்கொண்டு எழும்பிப் போனாள். மகள் அழவில்லை. டெப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாப்பா கொம்பியூட்டர் எண்டு சொல்லித்தானே தந்தார்" என்றாள். "குருநாகல் பள்ளிக்கூடத்திலயும் கேட்டா, நான் கைய உயர்த்துவன்."

உயர்த்துங்க மகள் என்று சொல்ல வாயெடுத்தேன். காலையில் இதே வாயால்தான் அவள் வாப்பாவைக் குறை சொல்லிச் சிரித்திருந்தேன். குசினிக்குள் போய் உலை வைத்தேன்.