தரம் நான்குப் புத்தகங்கள்

சிங்களப் பரீட்சையை நான் ரெண்டு தரம் எழுதி, ரெண்டு தரமும் வாசிப்புப் பகுதியில் விழுந்தவள். அரசாங்கக் கந்தோரில் வேலை பார்க்கிற தமிழ் ஆளுக்கு இரண்டாம் மொழியாகச் சிங்களம் வேண்டும். இல்லாவிட்டால் நியமனம் நிரந்தரமாகாது. மூன்றாம் தரமும் விட்டால் வீட்டில்தான் இருக்க வேண்டி வரும் என்று மேலதிகாரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சிங்களம் கதைக்க எனக்குத் தெரியும். அம்பாறையிலிருந்து மரக்கறி கொண்டுவாறவர்களோடு சந்தையில் பேரம் பேசி வளர்ந்த வாய் இது. எழுத்துத்தான் ஏறவில்லை.

"இந்த வயசில என்னத்துக்கு புள்ள இந்தப் பாடு? விட்டுப் போடு" என்றார் என் வீட்டுக்காரர்.

"விடுறதா? இருந்து பாருங்க!" என்றேன். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

சின்னப் பிள்ளை மாதிரி அடியிலிருந்து வாசித்துப் பழகுவோம் என்று முடிவெடுத்தேன். எங்கள் ஊரில் ஒரு பிள்ளையிடம் என்ன வகுப்பு என்று கேட்டால் "தரம் ரெண்டு", "தரம் மூணு" என்றுதான் சொல்லும். நூலகத்தின் பட்டியலை அப்போதுதான் இணையத்தில் போட்டிருந்தார்கள். போனில் திறந்தேன். மொழி என்ற இடத்தில் சிங்களம். அதற்குக் கீழே, தரம்: ஒன்று முதல் நாலு வரை. இதைவிட வேறென்ன வேண்டும்! ஒன்றை அமத்தினேன். வந்ததில் மூன்று புத்தகத்தைப் பதிந்து, கந்தோர் விட்டு வாற வழியில் எடுத்துக்கொண்டு வந்தேன்.

எல்லாம் புத்தம் புதிசு. பசை மணம்கூடப் போகவில்லை. அசர் தொழுதுவிட்டு ஒன்றை விரித்தேன். பொடி எழுத்து. படம் என்று பார்த்தால் ஒரு பூச்சி, ஒரு நெற்கதிர். அகராதியும் கையுமாக இருந்தும் ஒரு நாளைக்கு நாலு வரிதான் நகர்ந்தது. யா அல்லாஹ், தரம் ஒன்றுப் பிள்ளையா இதை வாசிக்குது? வயல்காரர்களின் பிள்ளைகள், சின்னதிலேயே வேளாண்மை படிப்பிக்கிறார்களாக்கும் என்று நினைத்து அதையும் மெச்சினேன். இப்படியே இருபது நாள் போய், மூன்றாம் கிழமை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு இருக்கிற மூளை எனக்கில்லை என்றே நம்பிவிட்டேன். வீட்டுக்காரர் பார்த்தார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார்.

அடுத்த நாள் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நூலகத்தில் வேலை பார்க்கிற பிள்ளையிடம், "தங்கச்சி, தரம் ஒண்டே இப்பிடியெண்டா, தரம் நாலுப் புள்ளைகள் என்னத்தத்தான் வாசிக்குதுகள்?" என்று கேட்டேன்.

அவள் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பர்தா நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ராத்தா, அது புள்ளைகள்ற தரம் இல்ல. புத்தகத்திட தரம். புதுசெண்டா ஒண்டு, பிஞ்சு மட்டை போனதெண்டா நாலு. இது நெல்லுக்கு வாற நோயப் பத்தின புத்தகம். ஆரும் எடுக்கல்ல, அதுதான் புதுசாக் கிடக்கு."

"அத அந்த இடத்தில விளங்கிற மாதிரி எழுதினா என்ன?" என்று கத்திவிட்டேன். அவளில் பிழை இல்லை. வெட்கம் எனக்குக் கோபமாக வந்தது.

"சின்னப் புள்ளைகள்ற சிங்களப் புத்தகத்த எப்பிடித் தேடுற?"

"பட்டியல்ல அப்பிடிப் பிரிக்கல்ல ராத்தா."

வாசல் வரை போய்விட்டேன். செருப்பு மாட்டும்போதுதான் பொறி தட்டியது. ஒருவருக்கும் வாசிக்க ஏலாத புத்தகம் புதிதாகவே கிடக்கும். பிய்வது எது? பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிற பிள்ளைகள் கை மாற்றிக் கை மாற்றி இழுக்கிற புத்தகம்தானே! நின்ற இடத்திலேயே போனை எடுத்து நாலை அமத்தினேன். முயல், நரி, குளத்து யானை, பட்டம் விட்ட பொடியன் எல்லாரும் வந்து விழுந்தார்கள். திரும்பி உள்ளே போய் அவளிடம் போனைக் காட்டினேன்.

"தரம் நாலு வெளியில குடுக்கிறல்ல ராத்தா. இன்னும் பிஞ்சு போகும்."

"குடுக்காதங்க. நான் இஞ்சயே இருக்கன்."

இருந்தேன். பிள்ளைகள் பகுதியில், முழங்கால் நெஞ்சில் முட்டுகிற கதிரையில், கந்தோர் விட்ட நேரம் முதல் நூலகம் பூட்டும் வரை. பிள்ளைகள் என்னைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். குசுகுசுக்கட்டும் என்று வாசித்தேன். நாலு முடிந்ததும் மூன்று, மறுகா ரெண்டு. மற்றவர்கள் தரம் ஏறுவார்கள், நான் இறங்கி இறங்கிப் படித்தேன். மூன்றாம் தரமும் போய்ப் பரீட்சையை எழுதிவிட்டு வந்தேன்.

ஒரு நாள் கந்தோருக்கு என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். பக்கத்து மேசை நானா கையை நீட்டி, "தாங்க, வாசிச்சுச் சொல்றன்" என்றார்.

"கைய எடுங்க நானா" என்றேன்.

எழுந்து நின்று, திகதியிலிருந்து சத்தமாக வாசித்தேன். ரெண்டு இடத்தில் தடக்கித் திரும்ப வாசித்தேன். என் பெயர் வந்த வரியில் எழுத்தெல்லாம் கலங்கிப் போனது. கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்த வரியையும் நானே வாசித்தேன். நியமனம் நிரந்தரம் என்று இருந்தது.