தோற்கிற பக்கம்

என் வீட்டுக்காரர் தொகுஜிரோ மியாசாகி மலைப்பக்கத்தில் முப்பத்தோரு வருஷம் தபால் கொடுத்தவர். மரவாள் பிடித்ததும் அத்தனை வருஷம்தான். ஊர்ப் பயிற்சிக்கூடத்தில் இருவர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் தலையைப் பார்த்து வெட்டுவார். மற்றவர் விலகி, வெட்டியவர் மணிக்கட்டுக்கு மேலே வாளைக் கொண்டுவந்து நிறுத்துவார். கையில் படக்கூடாது. இதில் முதலில் வெட்டி ஏமாறுகிறவர்தான் மூத்தவர். மூத்தவர் ஏன் தோற்க வேண்டும்? எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அதுதான் முறையாம்.

இத்தனை வருஷமும் மூத்தவராக நின்று குரோகி அண்ணன் தோற்றார், இவர் ஜெயித்தார். போன பனிக்காலத்தில் அண்ணனுக்கு முழங்கால் போய்விட்டது. அறுவடைத் திருவிழாவில் இனி இவர்தான் தோற்க வேண்டும். எதிரே தோஃபுக் கடைக்கார மிசாவோ, ஐம்பது வயசுக்காரி. கோயில் முன்னால் பிசகினால் மூத்தவர் இடம் வேறு ஆளுக்கு என்று கூடத்துத் தலைவர் சொல்லிவிட்டார்.

இவருக்கோ உடம்பு கேட்கவில்லை. வெட்டுவார், வெட்டிய கையோடு தானும் விலகிவிடுவார். மிசாவோவும் விலகியிருப்பாள். இரண்டு வாளும் காற்றை வெட்டிக்கொண்டு நிற்கும்.

வீட்டில் நான் நீள முள்ளங்கியோடு எதிரே நின்று பார்த்தேன். அதற்கும் தோற்கவில்லை மனுஷர். முள்ளங்கி இரண்டாக உடைந்து மிசோ சூப்புக்குப் போனது.

"என்னங்க, தோக்குறதுக்கு இம்புட்டுப் பாடா? எங்கிட்ட தெனமும் தோக்குறீங்களே."

"அது வாயி, இது காலு. நான் எந்தப் பக்கம்னு காலுக்குத் தெரியல" என்றார்.

திருவிழாவன்று வெட்டினார். மிசாவோ விலகினாள். இவர் வலது கால் அசைந்ததைப் பார்த்துவிட்டேன். ஆனால் அசைந்த காலை அங்கேயே ஊன்றி நின்றுவிட்டார். எப்படியும் விலகிவிடுவார் என்று அவள் வாளை நிறுத்தவே இல்லை. மரவாள் இவர் மணிக்கட்டில் விழுந்த சத்தம் கோயில் படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

"நீங்க நிப்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்லயே அண்ணே" என்று மிசாவோ அழுதாள். நிறுத்தத் தெரியவில்லையா என்று தலைவர் அவளைத்தான் கண்டித்தார். மூத்தவர் இடம் இவருக்கே என்றும் சொன்னார்.

அடித்தவள் அழுகிறாள். அடிபட்டவர் வீங்கிய கையோடு சிரிக்கிறார். சாப்பிடுகிற குச்சியை அவரால் பிடிக்க முடியாததால் நான்தான் சோறு ஊட்டினேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இனி முள்ளங்கி வாங்கவா வேண்டாமா என்று மட்டும் கேட்டேன்.

வாங்கு என்றார். அடுத்த வருஷமும் தோற்க வேண்டுமாம்.