இன்குபேட்டரில் ஒரு லாடம்

வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கழுவிய டம்ளரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் தண்ணீர் குடிக்க மாட்டாள். பதினோரு வருடமாகக் குதிரைகளின் ஸ்டெம் செல் வளர்ப்பவளுக்கு அந்தப் பழக்கம் வராவிட்டால்தான் ஆச்சரியம். "என் தம்பி பொண்டாட்டிக்குக் குதிரைக் கொழுப்புல வேலை" என்று நாத்தனார் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. குதிரையின் வாலடியில் கால்நடை மருத்துவர் வெட்டியெடுத்த கொழுப்புத் துண்டு ஐஸ் பெட்டியில் வரும். அதிலிருந்து செல்களைப் பிரித்துக் குடுவையில் இட்டு, இன்குபேட்டரின் இளஞ்சூட்டில் மூன்று வாரம் பெருக்கிக் கொடுப்பாள். மருத்துவர் அதை அதே குதிரையின் அடிபட்ட கால் தசைநாரில் ஊசியால் செலுத்துவார். குதிரை நன்றி சொல்லாது. முதலாளிகளும் பெரும்பாலும் சொல்வதில்லை.

அந்தத் திங்கட்கிழமை ஒரு பந்தயக் குதிரையின் முதலாளி வந்தார். கையில் பழைய லாடம். குதிரை முதன்முதலாக ஜெயித்த அன்று போட்டிருந்ததாம்.

"இதைக் குடுவைங்களுக்குப் பக்கத்துல வைங்கம்மா. ராசியானது."

"உள்ளே காத்துகூட வடிகட்டித்தான் சார் போகுது."

"ராசிக்கு எதுக்கும்மா வடிகட்டி?"

"ஸ்பிரிட் போட்டாவது துடைச்சுடறேன்."

"ராசி போயிடும்!"

ஆய்வக இயக்குநருக்கு இரண்டு முனைவர் பட்டம். "ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே" என்று அவரே இன்குபேட்டர் கதவைத் திறந்து லாடத்தை நடுத்தட்டில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். செல்களுக்கு நடுவே நூல் நூலாகப் பூஞ்சை. ஆறு குடுவையும் பாழ். ஒன்றிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தில் ப்ளீச்சிங் கரைசலை ஊற்றினாள். குதிரைக்கு வாலடியில் மறுபடியும் கத்தி.

மத்தியானத்துக்குள் குற்றவாளி கிடைத்துவிட்டாள். தரை துடைக்கும் அக்கா. கையில் இருப்பது மாப், காலில் இருப்பது ரப்பர் செருப்பு. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அக்காவை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "துப்புரவில் அலட்சியம்" என்று தட்டச்சு செய்த அறிக்கை, குடுவைகளுக்குப் பொறுப்பான இவள் கையெழுத்துக்காக வந்தது. கையெழுத்து விழுந்தால் அக்காவின் வேலை போய்விடும்.

"அக்கா இன்குபேட்டர் கதவைத் தொடவே கூடாது சார். உள்ளே கழுவுறது நான்தான்."

"அப்போ உங்க பேரைப் போட்டுடலாமா?" என்றார் இயக்குநர்.

"புதன்கிழமை வரைக்கும் பொறுங்க சார். யார் பேருன்னு பூஞ்சை சொல்லட்டும்."

இன்குபேட்டருக்குள் ஈரத்துக்காக இருக்கும் தண்ணீர்த் தட்டு, அக்காவின் மாப், லாடம் மூன்றையும் பஞ்சால் ஒற்றித் தனித்தனிச் சோதனைத் தட்டில் வளரவிட்டாள். குடுவைச் சொட்டு நான்காவது தட்டில். 

"உனக்கெதுக்கு வம்பு? ஒரு கையெழுத்துதானே?" என்றான் கணவன்.

"அப்போ நீயே வந்து போடு."

புதன்கிழமை, தண்ணீர்த் தட்டில் ஒற்றியதில் ஒன்றுமில்லை. மாப்பில் வேறு ஏதோ நாலைந்து புள்ளி. லாடத்தின் தட்டில் கம்பளி விரித்தாற்போல் பூஞ்சை. குடுவைச் சொட்டிலும் அதேதான். நிறமும் நூலும் வித்தும் அச்சு அசல்.

இயக்குநரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"லாடம்னு எழுதினா, உள்ளே வச்சது யாருன்னு கேப்பாங்களேம்மா?"

"கேக்க வேண்டாம் சார். அதையும் எழுதிட்டேன். நகல் காலையிலேயே தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போயிடுச்சு."

வியாழக்கிழமை அக்காவைத் திரும்ப அழைத்தார்கள். மேலதிகாரியைத் தாண்டி நகல் அனுப்பியதற்காக இவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இயக்குநர் ஆய்வகத் தூய்மை பற்றி உரையாற்றப் போயிருந்தார்.

அக்கா வாளியை வைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"ஏம்மா, எல்லார் முன்னாடியும் என்னைத் திருடி மாதிரி அனுப்புனாங்களே, அதுக்கு அந்தக் காகிதத்துல என்ன போட்டிருக்கே?"

அறிக்கையில் அவள் நாலு தட்டைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தாள்.

"ஒண்ணும் போடலக்கா."

"போட மாட்டியா?"

அறிக்கையை மறுபடியும் திறந்து, துப்புரவுப் பணியாளர்மேல் தவறில்லை, நிர்வாகம் அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சேர்த்தாள். சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"எல்லார் முன்னாடியும்னு போடு" என்றாள் அக்கா.

போட்டாள். மறுபடியும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கே நகலை அனுப்பினாள்.